கோவேறு கழுதை வாங்கலாமா?

கொடைக்கானல் மலையிலும் போடி மலையிலும் ரோடு போகாத தோட்டங்கள் இன்னும் உண்டு. அங்கே விளையும் காப்பியும் ஏலக்காயும் கீழே வரவேண்டும். அரிசியும் உரமும் மேலே போகவேண்டும். தலைச்சுமையாகத் தூக்கினால் முழங்கால் தேய்ந்துவிடும். கூலிக்குப் பொதி ஏற்றினால் மூட்டைக்கு மூட்டை பணம்.

"நாமே ஒரு கோவேறு கழுதை வாங்கிவிட்டால் என்ன?" என்று வீட்டில் பேச்சு எழும். மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தரவும் தயாராக இருப்பாள்.

கொஞ்சம் பொறுங்கள்! சங்கிலி அடகுக் கடைக்குப் போகுமுன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

அப்பன் கழுதை, ஆத்தாள் குதிரை!

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பதுதான் கோவேறு கழுதை. குதிரையின் உடல் கட்டு. கழுதையின் பொறுமை. மலைப்பாதையில் இடம் பார்த்துக் கால் வைக்கும். "பிடிவாதம் பிடித்தது" என்று திட்டுவார்கள். பாதையில் ஆபத்து என்று தோன்றினால் நின்றுவிடும். அவ்வளவுதான். அடித்தால் நகராது, உதைக்கும்!

குட்டி போடாது. பசு வாங்கினால் கன்று மிச்சம். இதில் அந்த வரவு கிடையாது.

சும்மா நிற்கும் நாள்

300 கிலோ எடையுள்ள கோவேறு கழுதைக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 6 கிலோ உலர்ந்த தீனி வேண்டும். புல், சோளத்தட்டை எதுவானாலும் சரி. பொதி சுமக்கும் நாளில் கொள்ளும் தவிடும் கூட வேண்டும். குதிரையைவிட இதற்குச் செலவு குறைவுதான். ஆனால் வேலை இல்லாத நாளிலும் அது தின்னுமே!

தீனி, லாடம், மருந்து எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.) ஆண்டுக்கு 73 ஆயிரம் ரூபாய். ஆண்டில் 120 நாள்தான் பொதி கிடைக்கிறதா? அப்படியானால் அந்த ஒவ்வொரு நாளும் 600 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால்தான் அதன் வயிற்றுக்கே சரியாகும். 240 நாள் கிடைத்தால் சுமார் 300 ரூபாய் போதும். வாங்கிய விலையும் வட்டியும் தனி.

காப்பி அறுவடை சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பொதி தருவார்களா? சந்தைக்குப் போகுமுன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

ரோடு வந்துவிட்டால்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோவேறு கழுதை 30 வயதுக்கு மேலும் இருக்கும். நமது ராணுவத்தில் பெயர் பெற்ற 'பெடோங்கி' 1998-ல் இறந்தபோது அதற்கு வயது 37!

அத்தனை காலம் உங்கள் பாதை பாதையாகவே இருக்குமா? ரோடு வந்த மறுநாள் ஜீப் வந்துவிடும். இந்தியாவில் 2012-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1 லட்சத்து 96 ஆயிரம் கோவேறு கழுதைகள் இருந்தன. 2019-ல் 84 ஆயிரம்தான்! ஊருக்கு ரோடு போட அளந்துவிட்டுப் போயிருந்தால், கடன் வாங்கி இதை வாங்காதீர்கள்.

பொதி ஏற்றுவதற்கும் விதி உண்டு. 1965-ம் ஆண்டு மத்திய சர்க்கார் விதிப்படி கோவேறு கழுதைக்கு 200 கிலோ, மட்டக் குதிரைக்கு 70 கிலோ, கழுதைக்கு 50 கிலோ. அதற்குமேல் ஏற்றக்கூடாது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக்கூடாது. செங்குத்தான ஏற்றத்தில் 200 கிலோ ஏற்றுவது பாவம். பாதி போதும்.

அரை ஏக்கர் காப்பிக்காரருக்கு வாடகைப் பொதிதான் லாபம். தினம் பொதி கிடைக்கும் என்ற உறுதியும், மிருகத்திடம் கோபப்படாத ஒரு பிள்ளையும் வீட்டில் இருந்தால் வாங்கலாம். தனியே கட்டினால் ஏங்கிப்போகும். பக்கத்தில் ஒரு குதிரையோ கழுதையோ இருக்கட்டும்.

முதுகைப் பாருங்கள்!

வாங்கும்போது சேணத்தைக் கழற்றச் சொல்லுங்கள். முதுகில் திட்டுத் திட்டாக வெள்ளை மயிர் இருக்கிறதா? பழைய சேணப் புண் ஆறிய அடையாளமாக இருக்கலாம். நாலு காலையும் தூக்கிக் குளம்பைப் பாருங்கள். காலைத் தர மறுத்தால் லாடம் அடிக்கும்போது உங்களுக்குத்தான் உதை! பொதியை ஏற்றி, இறக்கத்தில் நடக்கவிட்டுப் பாருங்கள்.

'கிளாண்டர்ஸ்' என்று ஒரு தொற்று நோய் உண்டு. மனிதருக்கும் பரவும். நோய் உறுதியானால் மிருகத்தைக் கொன்றுவிடுவார்கள். கால்நடை டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.