ஓடுவதற்கு முன் போட்ட கையெழுத்து

மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும்போது போன் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் வரும். எனக்கு என்ன நேர்ந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல, இழப்பீடு எதுவும் கோர மாட்டேன் என்ற பொருளில் இருபது முப்பது வரிகள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். யாரும் படிப்பதில்லை. டிக் அடித்து, ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கட்டி, டி-ஷர்ட் சைஸைச் சொல்லிவிட்டு ஷூ வாங்கப் போய்விடுகிறோம். பிறகு ஏதாவது நடந்துவிட்டால் வீட்டார் வாயிலிருந்து முதலில் வருவது, "அவர்தான் கையெழுத்துப் போட்டுட்டாரே, இனிமே என்ன பண்றது?" என்பதுதான்.

நிறையச் செய்யலாம். நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை ஒருவரிடமிருந்து அடியோடு பறிக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டத்தோடு கூடவே பிறந்த ஆபத்துகளுக்கு நீங்கள் சம்மதித்ததாகச் சொல்லலாம்: கால் சுளுக்கு, தசைப்பிடிப்பு, நகம் கறுப்பது, கொப்புளம். 15ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் தீர்ந்துபோனதற்கோ, ஆம்புலன்ஸே வராததற்கோ, மூடுவதாகச் சொன்ன சாலையில் லாரி வந்ததற்கோ யாரும் சம்மதம் தெரிவிக்கவில்லை. அதெல்லாம் கவனக்குறைவு. டிக் அடித்த கட்டம் அதற்குக் கவசமாகாது.

2023 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை காலை மதுரையில் ரத்ததான விழிப்புணர்வுக்காக ஒரு மாரத்தான் நடந்தது. அதில் ஓடி முடித்த 20 வயதுப் பொறியியல் மாணவர் ஒருவர் முதலில் இயல்பாகத்தான் இருந்திருக்கிறார். சற்று நேரம் கழித்து உடம்பு சரியில்லை என்றார், வலிப்பு வந்தது, அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்று காலையிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அந்த மரணத்துக்குப் பொறுப்பு யார் என்று தீர்ப்புச் சொல்ல இதை எடுக்கவில்லை. ஓட்டம் முடிந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை என்பதற்கும், இருபது வயதும் காவலல்ல என்பதற்கும் இதைவிட அருகில் வேறு சாட்சி இல்லை.

பயந்து ஓடாமல் இருக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நெடுந்தூரப் போட்டிகளில் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்ததில் இதயத்துடிப்பு நின்றுபோனவர்கள் 59 பேர். லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த 59 பேரில் 42 பேர் இறந்துவிட்டார்கள். அரிதுதான், வந்தால் நிமிடக் கணக்கு. பக்கத்தில் நிற்பவர் உடனே மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்கினாரா, இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. மெடல் எவ்வளவு கனம் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் பக்கத்துப் பொறுப்பும் ஒன்று உண்டு. நாற்பதைத் தொட்டவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று யாராவது இறந்திருந்தால் அவர்களும், பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து இசிஜி, தேவையென்றால் எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் விட்ட கையோடு ஓடவே கூடாது. வைரஸ் காய்ச்சலின்போது இதயத் தசையிலும் அழற்சி இருக்கலாம், வெளியே தெரியாது.

எங்களைப் போன்ற திருச்சிக்காரர்களுக்கு இதயத்தைவிடப் பெரிய எதிரி வெயில். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் விடியற்காலையில் குளிர்ச்சியாகத்தான் தோன்றும், ஆனால் காற்றில் ஈரம் நிறைய. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும்; காயாமல் வழிந்துகொண்டே இருந்தால் சூடு உள்ளேயே தங்கும். அதனால் தெர்மாமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் டபிள்யூபிஜிடி என்றொரு அளவு இருக்கிறது. அது சுமார் 28 டிகிரியைத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டம் வேண்டாம் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கோடையில் நம் ஊரில் காலை ஏழு எட்டு மணிக்கே அது வந்துவிடும். இங்கே ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். விழிப்புணர்வு ஓட்டம் என்றால் மாணவர்களைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றி ஐந்து மணிக்கே கொண்டுவந்து வெறும் வயிற்றோடு நிறுத்திவிடுகிறார்கள். சிறப்பு விருந்தினர் வந்து, மேடையில் பேசி, கொடியசைத்து முடிப்பதற்குள் சூரியன் ஏறிவிடுகிறது. அதற்குமுன் ஒரு கிலோமீட்டர்கூட ஓடிப் பழகாத பிள்ளைகள் பத்து கிலோமீட்டருக்குப் பாய்கிறார்கள்.

ஓடுகிறவர் தள்ளாடுகிறார், உளறுகிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார், திசை தெரியாமல் திரும்பி ஓடுகிறார் என்றால் அது களைப்பல்ல, வெப்பம் மூளையைத் தாக்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. நனைந்த சட்டையோடும் இது வரும். இதற்கு விளையாட்டு மருத்துவர்களின் விதி, முதலில் குளிரவை, அப்புறம் ஏற்றிப்போ என்பது. பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்க வேண்டும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பெங்கும் மாற்றி மாற்றிப் போட்டு விசிற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பிழைப்பார். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ இளநீரோ ஊற்றாதீர்கள். ஒருவர் குளிரவைக்கும்போதே இன்னொருவர் 108ஐ அழைத்துவிட வேண்டும். அவசரத்தில் வந்த உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, போலீஸ் நடைமுறை அதற்குத் தடையாகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருப்பது தனியார் மருத்துவமனை என்றாலும் வாசலில் நின்று இதைச் சொல்லலாம்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் பள்ளம். குடிக்காமல் ஓடினால் வறட்சி. வீட்டில் சொல்லி அனுப்பியபடி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று டம்ளர் டம்ளராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு அப்படித்தான் இருந்தது. தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, கடைசியில் வலிப்பு. மணிக்கணக்கில் மெதுவாக ஓடும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது அதிகம் வரும், வேகமாக ஓடுகிறவர்களுக்குக் குடிக்கவே நேரமில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், நீண்ட ஓட்டத்தில் நடுநடுவே ஓஆர்எஸ்ஸோ உப்புப் போட்ட நீர்மோரோ சேரட்டும். ஓட்டத்துக்கு முன் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் போட்டுக்கொள்ளும் பழக்கம் அமெச்சூர் ஓட்டக்காரர்களிடம் பரவியிருக்கிறது. நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். ஓடிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போட்டி நாள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. பயிற்சி நாட்கள் நூற்றுக்கு மேல், அவை முழுக்கச் சாலையில்தான். ஜனவரியில் சென்னையில் 42.195 கிலோமீட்டர் ஃபுல் ஓடுவதற்கு ஆகஸ்டிலேயே தொடங்கி, மார்கழியில் 30 கிலோமீட்டர் லாங் ரன் வரை ஏற்ற வேண்டியிருக்கும். அந்த நேரம் பார்த்து ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, ராப்பத்து வந்துவிடும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் நடக்கவே இடமிருக்காது. உடனே ஓட்டக்காரர்கள் ஊரைவிட்டு முக்கொம்பு பக்கமும் கல்லணை பக்கமும் போகிறார்கள். இருட்டு, நடைபாதை இல்லாத ஓரம், மணல் லாரி, பஸ். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரத்தில் ஓட வேண்டும், ஒளிரும் பட்டை போட்ட சட்டை வேண்டும், காதில் இயர்போன் கூடாது. வேகம் முக்கியமென்றால் காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போய்ச் சுற்றுவது எவ்வளவோ மேல்.

நூறு வயதில் டொரண்டோ மாரத்தானை ஓடி முடித்த ஃபௌஜா சிங்கை உலகமே அறியும். எண்பத்தொன்பதாவது வயதில் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியவர். 2025 ஜூலை 14 அன்று ஜலந்தர் அருகே சொந்த ஊரில், சாலையில் கார் மோதி இறந்தார். வயது 114 என்றார்கள்.

வண்டி மோதினால் என்ன கிடைக்கும் என்பது ஓடுகிறவருக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், வெளி மாநிலத்தார் உட்பட, முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை வரம்புக்குட்பட்டு அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். மோதிவிட்டு வண்டி நிற்காமல் போய்விட்டால், எண் தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் மத்தியத் திட்டத்தில் உண்டு. வண்டி எது என்று தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது திருத்தப்பட்ட சட்டம், ஆகவே எஃப்ஐஆர் நகலைத் தள்ளிப்போடாமல் வாங்குங்கள். நாய் கடித்தால் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தி, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம், ஆனால் எல்லாத் தவணையும் போட்டாக வேண்டும். ஒரு தவணையோடு நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி போட்டி அமைப்பாளர். கட்டணம் வாங்கியவுடன் அவர் சேவை அளிப்பவர், நீங்கள் நுகர்வோர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறை நடந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதிகம் பேருக்குத் தெரியாத இரண்டு வசதிகள் இதில் உள்ளன. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், அதாவது சென்னையிலோ கோவையிலோ ஓடி அவதிப்பட்டதற்கு ஸ்ரீரங்கத்துக்காரர் திருச்சி ஆணையத்துக்கே போகலாம். அடுத்தது, எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, நீங்கள் கட்டிய தொகை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டியவர் எத்தனை லட்சம் இழப்பீடு கேட்டாலும் இங்கேதான். வக்கீல் கட்டாயமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்; போட்டியை ரத்து செய்துவிட்டுப் பணம் தராத தகராறுகள் பல நேரம் அங்கேயே தீரும். கையெழுத்து வாங்கிய நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதைத் தனியாக எதிர்க்க வேண்டுமானால் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

இலவச ஓட்டம் என்றால் இந்தக் கதவு திறக்காது. இலவசச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதற்காக அமைப்பாளர் தப்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் குற்றம், உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடும் கேட்கலாம். அரசு அலுவலர் பொறுப்பில் நடந்ததென்றால் ஓர் ஆண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்திடம் போகலாம். இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது பத்து ரூபாய் வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகரக் காவல் ஆணையரகத்துக்கும் மாநகராட்சிக்கும் மனு எழுதி, அந்த ஓட்டத்துக்கு அனுமதி தந்தீர்களா, என்ன நிபந்தனைகள் விதித்தீர்கள், எத்தனை ஆம்புலன்ஸ், எத்தனை மருத்துவர் என்று அமைப்பாளர் எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். காகிதத்தில் இருந்ததும் சாலையில் இருந்ததும் வேறு வேறாக இருந்தால் வழக்கில் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து ஒப்பந்தமே ஆகாது. 2006இல் புவனேஸ்வரத்தின் புதியா சிங் நான்கு வயதில் பூரியிலிருந்து 65 கிலோமீட்டர் ஓடியபோது நாடே கைதட்டியது. பிறகு ஒடிசா அரசு தலையிட்டு அந்தக் குழந்தை நெடுந்தூரம் ஓடுவதைத் தடுத்தது. பள்ளியிலிருந்து ஓட்டத்துக்கு அழைத்துப் போகும் படிவம் வந்தால் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு, யார் கூட வருகிறார் என்று பெற்றோர் எழுத்தில் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

புகாருக்கு ஆதாரம் வேண்டும், அதை அன்றைக்கே சேர்க்காவிட்டால் அப்புறம் கிடைக்காது. பணம் கட்டிய ரசீது, அமைப்பாளர் அனுப்பிய மெயில், வாட்ஸ்அப் அறிவிப்பு, பாதை வரைபடம், சட்டையில் குத்திய எண் அட்டை (பிப்), காலியான தண்ணீர் மேசையின் படம், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, கூட ஓடிய இரண்டு பேரின் எண். சில இடங்களில் ரசீதில் ‘நன்கொடை’ என்று போடுவார்கள். டி-ஷர்ட், மெடல், டைமிங் சிப் எல்லாம் அந்தப் பணத்துக்குத்தான் என்று காட்டும் விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் கட்டியிருக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நின்றீர்கள், இதயத்துடிப்பு எவ்வளவு என்று பதிந்து வைத்திருக்கும். அந்தப் பதிவை அழிக்காமல் தரவிறக்கி, மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு மனுவில் சேர்க்க வேண்டும்.