கோடரி ஏந்திய பிஷப்

2010 பிப்ரவரி 5. ஏடன் வளைகுடாவில் போய்க்கொண்டிருந்த ‘ஏரியெல்லா’ என்ற சரக்குக் கப்பலில் கடற்கொள்ளையர் ஏறிவிட்டார்கள். மாலுமிகள் 25 பேரும் ஓர் அறைக்குள் புகுந்து தாழிட்டுக் கொண்டார்கள். அவர்கள் அனுப்பிய அபாய அறிவிப்பு இந்தியப் போர்க்கப்பல் ஒன்றுக்குக் கிடைத்தது. அது மற்றக் கப்பல்களுக்குத் தகவல் சொல்ல, டென்மார்க் நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று விரைந்து வந்தது. அதன் அதிரடி வீரர்கள் சரக்குக் கப்பலில் தொற்றி ஏறி, அறை அறையாகத் தேடினார்கள். கொள்ளையர் அதற்குள் நழுவிவிட்டார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் மாலுமிகள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள்.

கப்பலில் வேலைக்குப் போன பிள்ளையோ தம்பியோ இருக்கிற வீட்டாருக்குத்தான் அந்தச் சில மணி நேரம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

காப்பாற்ற வந்த கப்பலின் பெயர் ‘அப்சலோன்’. கடற்படைகள் தங்கள் கப்பல்களுக்கு மன்னர்கள், தளபதிகள் பெயரைச் சூட்டுவது வழக்கம். அப்சலோனோ ஒரு கிறிஸ்தவ பிஷப். 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். சமாதானம் போதிக்க வேண்டியவரின் பெயரைப் போர்க்கப்பலுக்கு வைப்பானேன் என்று கேட்கத் தோன்றும். அவருடைய கதையைக் கேட்டால் அந்தக் கேள்வி எழாது.

அப்சலோன் 1128-ம் ஆண்டு வாக்கில் டென்மார்க்கின் ஷேலன் தீவில் பெரிய நிலப்பிரபு குடும்பத்தில் பிறந்தார். அரச வம்சத்தைச் சேர்ந்த வால்டெமார், தந்தை கொலையுண்டதால் அந்த வீட்டில் வளர்ந்தார். இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக விளையாடினார்கள். அப்சலோன் பிறகு பாரிஸுக்குப் போய்ப் படித்துத் திரும்பினார்.

அப்போது நாட்டுக்கு மூன்று அரசர்கள்! ஸ்வேன், கனூட், வால்டெமார். 1157 ஆகஸ்டில் ரோஸ்கில்டே நகரில் மூவரும் ஒன்றாக விருந்துண்டார்கள். இருட்டியதும் ஸ்வேனின் ஆட்கள் கத்தியை உருவினார்கள். கனூட் வெட்டுண்டு சாய்ந்தார். வால்டெமார் காயத்தோடு தப்பி ஓடினார். விழுந்து கிடந்தவர் தம் நண்பர் வால்டெமார்தான் என்று எண்ணி, அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டு அப்சலோன் இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். இரண்டே மாதத்தில் கிராதே என்ற பொட்டல்வெளியில் நடந்த போரில் ஸ்வேன் மாண்டார். வால்டெமார் தனி மன்னர் ஆனார். மறு ஆண்டே அப்சலோன் ரோஸ்கில்டேயின் பிஷப் ஆனார். வயது சுமார் முப்பது.

இந்தக் கதைகளை எழுதி வைத்தவர் சாக்ஸோ என்பவர். ஹாம்லெட் நாடகத்துக்கு மூலமான பழங்கதையும் அவர் எழுதிய சரித்திரத்தில்தான் இருக்கிறது. அவரை எழுதச் சொன்னவரே அப்சலோன்தான். எஜமானரைப் பற்றிக் குமாஸ்தா எழுதிய குறிப்பில் கொஞ்சம் கூடுதல் புகழ் இருக்கத்தான் செய்யும். அதைக் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும். அந்தக் குமாஸ்தாவே ஓரிடத்தில், நம் பிஷப் எவ்வளவுக்குப் பிஷப்போ அவ்வளவுக்குக் கடலோடிக் கொள்ளைக்காரராகவும் நடந்துகொண்டார் என்று ஒளிக்காமல் எழுதிவிட்டார்! அதைப் புகழ்ச்சியாகவே எழுதியிருக்கிறார்.

அன்றைய நிலைமை அப்படி. பால்டிக் கடலின் தென்கரையில் வெண்டியர் என்ற ஸ்லாவிய மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய படகுகள் டென்மார்க்கின் கரையோர ஊர்களைச் சூறையாடின. ஆண்களையும் பெண்களையும் பிடித்துப் போய் அடிமைகளாக விற்றன. டேனியர்களும் சளைத்தவர்கள் அல்ல. எதிர்க்கரையில் இறங்கி அதையே செய்தார்கள். பிஷப் ஆனதும் அப்சலோன் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கரையோரக் காவலை ஒழுங்குபடுத்தியது. மழை, பனி பாராமல் தாமே படகில் காவல் சுற்றினார். பிறகு எதிரியின் கரைக்கே போரைக் கொண்டுபோனார்.

அதன் உச்சம் 1168. ருகென் தீவின் வடமுனையில், கடலுக்கு மேலே செங்குத்தான பாறை மீது அர்கோனா என்ற கோட்டை. அதற்குள் ஸ்வந்தெவித் என்ற தெய்வத்தின் கோயில். மரத்தால் செய்த, ஆளைவிடப் பெரிய சிலை. நம் நான்முகனைப் போல நான்கு தலைகள். வலக்கையில் ஒரு கொம்பு. பூசாரி ஆண்டுக்கு ஒரு முறை அதில் மதுவை நிரப்புவார்; அடுத்த ஆண்டு அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து விளைச்சலுக்குக் குறி சொல்வார். கோயிலுக்கென்று ஒரு வெள்ளைக் குதிரை உண்டு. போருக்குப் போகலாமா என்பதை, ஈட்டிகளை அது எந்தக் காலால் தாண்டுகிறது என்று பார்த்து முடிவு செய்வார்கள்.

டேனியப் படை வாயில் கோபுரத்துக்குத் தீ வைத்தது. கோட்டை பணிந்தது. சிலையை வெட்டிச் சாய்க்கும் வேலை இருவரிடம் தரப்பட்டது. ஒருவர் அப்சலோனின் உடன்பிறந்த எஸ்பெர்ன் ஸ்னாரே. ஆட்கள் கோடரியால் அடிமரத்தைத் தறித்தார்கள். சிலை பெரும் ஓசையுடன் விழுந்தது. ஊரார் சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள். கயிறு கட்டி வெளியே இழுத்து வந்து பிளந்து, அன்று இரவு படைவீரர்களுக்குச் சமைக்க விறகாக்கினார்கள். தோற்றவர்கள் ஞானஸ்நானம் பெற்றாக வேண்டும் என்பது நிபந்தனை. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டவர்களின் கண் எதிரில் இதைச் செய்தது வீரமா என்றால், எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. போரில் வென்றவர்கள் அந்தக் காலத்தில் எங்கும் செய்ததுதான் இது.

கடலைக் காக்க அவர் கட்டிய கோட்டை ஒன்று உண்டு. ஷேலன் தீவின் கீழைக்கரையில் ஹாவ்ன், அதாவது துறைமுகம், என்ற சிற்றூரை மன்னர் அவருக்குக் கொடுத்திருந்தார். அங்கே கரையை ஒட்டிய சிறு திட்டில் 1167 வாக்கில் கோட்டை எழுந்தது. பிடிபட்ட கொள்ளையரின் தலைகளை வெட்டிக் கழுமரத்தில் செருகிக் கோட்டையில் வைத்ததாகச் சாக்ஸோ எழுதுகிறார். அந்தச் சிற்றூர் வளர்ந்து ‘வணிகர் துறைமுகம்’ என்று பெயர் பெற்றது. அதுதான் இன்றைய தலைநகர் கோபன்ஹேகன். கோட்டையின் இடிந்த சுவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடியில் இருக்கின்றன. யாரும் இறங்கிப் பார்க்கலாம். நகரின் நடுவே குதிரைமேல் கோடரியோடு அப்சலோன் சிலை நிற்கிறது.

1618-ல் அந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள்தான் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றன. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அது டேனியர் வசம் இருந்தது.

வயதான காலத்திலும் அவர் ஓயவில்லை. ஆர்ச்பிஷப் ஆன பின், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரவேண்டும் என்று அவர் வற்புறுத்த, ஸ்கோனே பகுதி விவசாயிகள் கலகம் செய்தார்கள். அதையும் வாளால்தான் அடக்கினார்கள். 1184-ல், அறுபதை நெருங்கும் வயதில், பொமரேனியப் படகுப் படையைக் கடலில் முறியடித்தார். 1201 மார்ச்சில் ஸோரோ மடத்தில் இறந்தார். அவருடைய உயிலில் ஒரு வரி சுவையானது. சாக்ஸோ என்ற எழுத்தர் பட்ட கடனைத் தள்ளுபடி செய்கிறார். ஆனால் இரவல் வாங்கிய இரண்டு புத்தகங்களை மடத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்! அந்த எழுத்தர் நம் சரித்திரக்காரர்தான் என்று கருதப்படுகிறது.

அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் இன்று கப்பல்கள் உண்டு: ‘அப்சலோன்’, ‘எஸ்பெர்ன் ஸ்னாரே’. ஓடென்சே நகருக்கு அருகில் கட்டி, 2004, 2005-ம் ஆண்டுகளில் முடித்தார்கள். நீளம் 137 மீட்டர். பார்வைக்கு மற்றப் போர்க்கப்பல்களைப் போலத்தான். முன்னால் பெரிய பீரங்கி, பின்னால் ஹெலிகாப்டர் தளம். வித்தியாசம் வயிற்றில் இருக்கிறது. உள்ளே 900 சதுர மீட்டருக்கு மேல் ஒரு திறந்த கூடம். பின்பக்கக் கதவைத் திறந்து டாங்கிகளை ஓட்டி ஏற்றலாம். அதே இடத்தில் கண்டெய்னர்களை அடுக்கினால் ஆஸ்பத்திரி. 2014-ல் சிரியாவிலிருந்து ரசாயன ஆயுதப் பொருள்களை ஏற்றி வந்த சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போனது ‘எஸ்பெர்ன் ஸ்னாரே’. 2020-ல் இரண்டையும் நீர்மூழ்கி வேட்டைக்கான பிரிகேட் வகையில் சேர்த்தார்கள்.

ஆனால் கடற்கொள்ளையரைப் பிடிப்பது ஒரு வேலை. பிடித்தபின் என்ன செய்வது என்பது வேறு வேலை. பிஷப்புக்கு அந்தச் சங்கடம் இருக்கவில்லை. 2008 செப்டம்பரில் ‘அப்சலோன்’ பத்துப் பேரை ஆயுதங்களோடு பிடித்தது. டென்மார்க்கில் வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். வேறு நாட்டிடம் கொடுத்தால் தூக்கில் போட்டுவிடலாம். ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு, பத்துப் பேரையும் சோமாலியக் கடற்கரையில் இறக்கிவிட்டார்கள்.

2012 பிப்ரவரியில் கொள்ளையர் கைப்பற்றியிருந்த ஒரு படகை ‘அப்சலோன்’ சுட்டு நிறுத்தியது. உள்ளே பிணைக்கைதிகள் 18 பேர். அவர்களில் இருவர் பலத்த காயத்தோடு கிடந்தார்கள். கப்பல் டாக்டர்களால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

2021 நவம்பரில், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில், ‘எஸ்பெர்ன் ஸ்னாரே’ வீரர்களுக்கும் ஒரு கொள்ளைப் படகுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. நான்கு கொள்ளையர் மாண்டார்கள். நான்கு பேர் பிடிபட்டார்கள். அவர்களை ஏற்றுக்கொள்ள அக்கம்பக்கத்து நாடு எதுவும் முன்வரவில்லை. வாரக்கணக்கில் கப்பலிலேயே வைத்திருந்து, 2022 ஜனவரியில் மூவரைச் சிறு படகில் ஏற்றி, உணவும் எரிபொருளும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்காவது ஆளுக்குச் சண்டையில் பட்ட காயத்தால் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அவரைப் படகில் விட மனம் வராமல் டென்மார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கோபன்ஹேகன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. தண்டனை எதுவும் விதிக்கவில்லை.