நொண்டும் காரும் அது கூறும் குறியீடும்

கனடாவில் கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. விடியற்காலையில் தொழிற்சாலைக்குப் புறப்படும் தந்தைக்கும், இரவு வேலை முடிந்து திரும்பும் தாய்க்கும் அதுவே கால். 401 நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென வலுவிழந்து, அக்சிலரேற்றரை எவ்வளவு அழுத்தினாலும் வேகமெடுக்க மறுத்து, மஞ்சள் விளக்கொன்றையும் ஏற்றிவிடுமாயின் எவர்க்கும் நெஞ்சு பதறும். அவ்விளக்கின் மொழியை மாணவரும் பெற்றோரும் ஒருங்கே அறிந்துகொள்வது நன்று.

எமது சிறுபராயத்தில், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றில் எரிபொருளையும் வளியையும் கலந்தது காபுரேற்றர் என்னும் எளிய கருவி. மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டே நோயறிந்தார். இன்றைய வண்டியில் அக்கலவையைக் கணினி ஆளுகின்றது. உட்செல்லும் வளியின் அளவு, இயந்திரத்தின் வெப்பநிலை, மிதியின் நிலை, கழிவுப் புகையில் எஞ்சியுள்ள ஒட்சிசன் ஆகியவற்றைச் சென்சர்கள் எனப்படும் உணரிகள் இடையறாது அதற்கு அறிவிக்கின்றன. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு வளி என்பதே அது பேண முயலும் விகிதம். ஓர் உணரியின் செய்தி வரம்பு மீறினாலோ, இரண்டின் செய்திகள் முரண்பட்டாலோ, கணினி அதனைக் குறியீடாகப் பதிந்துகொள்ளும்.

வளி மாசைக் குறைக்கும் நோக்குடன் கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து இத்தற்சோதனை முறையைக் கட்டாயமாக்கியது. தொடக்கத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் குறியீடு வேறுபட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1996 முதலும் கனடாவில் 1998 முதலும் வந்த கார்களில் ஓபிடி இரண்டு என்னும் பொதுமுறை நிலைபெற்றது. சாரதியின் முழங்காலுக்கு மேற்புறத்தில் 16 முனைகளுடைய பொருத்தி ஒன்று இருக்கும். அதில் செருகும் சிறு கருவி குறியீட்டை வாசித்துக் காட்டும்.

பகுபதத்தைப் பிரிக்கத் தெரிந்த மாணவருக்கு இதனைப் பிரிப்பது எளிது. 'பீ 0301' என்பதை எடுத்துக்கொள்வோம். 'பீ' என்பது ஆங்கில நெடுங்கணக்கின் 16ஆம் எழுத்து. இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் குறிக்கும். (அந்நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து உடற்பகுதியைக் குறிக்கும். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என் செய்வது!) அடுத்துள்ள 0 எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும், அங்கு 1 இருப்பின் அது அந்நிறுவனத்தின் தனிக்குறியீடு. 3 என்பது தீப்பொறி சார்ந்தது. இறுதி 01, முதலாம் சிலிண்டர். ஆகவே, முதலாம் சிலிண்டரில் எரிபொருள் ஒழுங்காக எரியவில்லை என்பதே பொருள்.

வண்டி நொண்டுவதை 'லிம்ப் மோட்' என்பர். எல்லாக் குறியீடுகளுக்கும் இது நேர்வதில்லை. மிதியில் ஒன்றையொன்று சரிபார்க்கும் இரு உணரிகள் உள்ளன. அவை முரண்பட்டால், சாரதி விரும்பும் வேகம் எதுவென்று கணினியால் நம்ப இயலாது. எனவே வலுவைத் தானே குறைத்துவிடும். கியர்ப்பெட்டியில் பழுதெனின் ஒரே கியரில் நிறுத்திக்கொள்ளும். இது இயந்திரத்தைக் காக்கும் ஏற்பாடு. நெடுஞ்சாலையில் இவ்வாறு நேர்ந்தால் அபாய விளக்குகளை ஏற்றி வலப்புறமாக ஒதுங்குக. நிறுத்தி மீள இயக்கினால் சில வண்டிகள் நலமடைந்தன போல ஓடும். பழுது தீர்ந்துவிட்டதென்று கொள்ளற்க. மஞ்சள் விளக்கு சிமிட்டுமாயின் எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டழிக்கக்கூடும். அது விலை மிகுந்த பாகம், ஆதலால் உடனே ஓரத்தில் நிறுத்துக.

இனி, எம்மவரின் பணம் வீணாகும் இடத்துக்கு வருவோம். குறியீடு குற்றம் சாட்டுமே அன்றித் தீர்ப்பு வழங்காது. 'பீ 0171' என்பது கலவையில் பெற்றோல் குறைவு, அதாவது வளி மிகுதி என்பதைக் கூறும். அதனை அறிவிப்பது ஒட்சிசன் உணரி. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அச்செய்தி கொண்டுவந்த உணரியையே கராச் ஒன்று இருமுறை மாற்றியது. பின்னர் பெற்றோல் பம்பும் மாற்றப்பட்டது. விளக்கு அணையவில்லை. ஈற்றில் வேறொரு மெக்கானிக் கண்டது, வெடித்துப் போன ஒரு றப்பர்க் குழாய். அவ்வெடிப்பினூடாக அளவிடப்படாத வளி உட்புகுந்தது. இரு மாத வாடகைக்கு ஒப்பான பணம் போயிற்று.

சோதனை என்பது எத்தகையது? முன்கூறிய 'பீ 0301' தோன்றினால், முதலாம் சிலிண்டரின் தீப்பொறிக் கொயிலைக் கழற்றி இரண்டாவதில் பொருத்தி, இரண்டாவதன் கொயிலை முதலாவதில் பொருத்துவர். குறியீடு 'பீ 0302' ஆக மாறின் கொயிலே பழுது. மாறாதெனில் பிளக்கையோ பெற்றோல் தெளிகருவியையோ ஆராய வேண்டும். இதற்குப் புதிய பாகம் ஒன்றும் வேண்டுவதில்லை. கராச்சில் பெற்றோருக்காக ஆங்கிலம் பேசும் மாணவர்களே, குறியீடு எது, எச்சோதனையால் இப்பாகம் பழுதென அறிந்தீர்கள் என்னும் இரு வினாக்களையும் பணிவுடன் கேளுங்கள். விடையைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

பழைய கார் வாங்குவோர்க்கும் ஒரு சொல். விற்பவர் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்திருக்கலாம். அவ்வாறு அழித்தபின் கணினியின் சுயசோதனைகள் பல 'முடிவுறவில்லை' என்றே வாசிப்புக் கருவியில் தோன்றும். ஒன்ராறியோவில் தனியார் கார்களுக்கான புகைச்சோதனை 2019இல் நிறுத்தப்பட்டதால் இதனை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

தை மாதக் கடுங்குளிரில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற ஐந்தாறு குறியீடுகள் ஒருங்கே தோன்றின், முதலிற் பற்றறியைச் சோதிப்பிக்க. மின்னழுத்தம் தாழ்ந்தால் உணரிகளின் செய்திகள் பிறழும். பற்றறி ஒன்றை மாற்றியதும் அத்தனை குறியீடுகளும் மறைந்ததை எம்மவர் பலர் கண்டுள்ளனர்.