பூனைக் கதவு

பூனைக் கதவு என்பது, வீட்டில் வளர்க்கப்படும் பூனை ஒருவரின் உதவியின்றித் தானாகவே உள்ளே வரவும் வெளியே செல்லவும் ஏற்றவாறு, வீட்டின் கதவு, சுவர் அல்லது சாளரத்தில் அமைக்கப்படும் சிறிய திறப்பு ஆகும். இத்திறப்பின் மேல் விளிம்பில் கீல் ஒன்றில் தொங்கும் மெல்லிய மடல் இருக்கும். பூனை தலையால் தள்ளும்போது மடல் திறந்து, பூனை கடந்து சென்றவுடன் தன் எடையால் மீண்டும் மூடிக்கொள்ளும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றது. தமிழ்நாட்டு வீடுகளில் இது இன்றும் அரிதாகவே காணப்படுகின்றது.

பூனைக் கதவு பூனைக்காக அமைக்கப்பட்டாலும், அது வீட்டின் புறச்சுவரில் இரவும் பகலும் ஆளின்றி இயங்கும் ஒரு வழி என்பதை மறத்தல் ஆகாது. எனவே எந்த வகைக் கதவு, எங்கே, எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பன அவ்வழியாக வேறு எவை உள்ளே வரக்கூடும், பூனை வெளியே சென்று என்ன செய்யக்கூடும் என்பவற்றைப் பொறுத்தே முடிவு செய்யப்பட வேண்டும். காடும் வயலும் வீடுகளை நெருங்கியிருக்கும் சேத்தூர் போன்ற மலையடிவார ஊர்களில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றது.

வரலாறு

கதவில் பூனைக்கென ஓட்டை விடும் வழக்கம் மிகப் பழமையானது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில், ஒரு கதவின் அடியில் பூனை நுழையும் ஓட்டை பற்றிய குறிப்பு உள்ளது. இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரப் பேராலயத்தில், வானியல் கடிகாரத்தின் கீழே உள்ள மரக்கதவில் வட்டமான பூனை ஓட்டை ஒன்றை இன்றும் காணலாம். கடிகாரத்தை நாடி வந்த எலிகளைப் பிடிக்கப் பூனை சென்று வருவதற்காக இது 1598இல் அமைக்கப்பட்டது. அப்பேராலயத்தின் 14, 15ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகளில் பூனையின் உணவுக்கெனக் காலாண்டுக்கு 13 பென்சு செலவிட்ட பதிவுகளும் உள்ளன.

பூனைக் கதவைக் கண்டுபிடித்தவர் ஐசாக் நியூட்டன் என்றும், அவர் பெரிய பூனைக்கு ஒன்றும் குட்டிக்கு ஒன்றுமாக இரண்டு ஓட்டைகள் இட்டார் என்றும் ஒரு கதை வழங்கி வருகின்றது. நியூட்டன் பிறப்பதற்கு முன்னரே இத்தகைய ஓட்டைகள் இருந்தமையால் இக்கதை ஏற்கத்தக்கது அன்று. அவருடைய அறையில் நாயோ பூனையோ இருந்ததில்லை என்று அவருடைய உதவியாளர் ஒருவரும் எழுதியுள்ளார்.

தமிழகத்தின் பழைய ஓட்டு வீடுகளில் பூனைக்கெனத் தனிக் கதவு தேவைப்படவில்லை. ஓட்டு இடுக்கு, முற்றம், கம்பிச் சாளரம், பகல் முழுதும் திறந்திருக்கும் கொல்லைக் கதவு ஆகியவற்றின் வழியே பூனை வந்து போனது. நெல் சேமிக்கும் குதிரும் பத்தாயமும் இருந்த வீடுகளில் எலியைக் கட்டுப்படுத்தும் பூனை வரவேற்கப்பட்டது. காங்கிரீட் தளம் இட்ட வீடுகளும், கொசு வலை அடித்த சாளரங்களும், எப்போதும் மூடியிருக்கும் கதவுகளும் பெருகிய பின்னரே பூனைக்கு வழி விடுவது குறித்துத் தனியே சிந்திக்க வேண்டியதாயிற்று.

வகைகள்

எளிய மடல்: இருபுறமும் ஆடும் நெகிழி மடல் மட்டும் கொண்டது. விலை குறைவு. ஆனால் பூனை அளவுள்ள எந்த விலங்கும் இதைத் தள்ளிக்கொண்டு வர இயலும்.

நான்கு நிலைப் பூட்டு உள்ளது: முழுதும் திறப்பு, முழுதும் பூட்டு, உள்ளே வர மட்டும், வெளியே செல்ல மட்டும் என நான்கு நிலைகளில் வைக்கலாம். மாலையில் "உள்ளே வர மட்டும்" என்ற நிலையில் வைத்தால், வீடு திரும்பிய பூனை மீண்டும் வெளியேற இயலாது.

காந்தக் கதவு: பூனையின் கழுத்துப் பட்டையில் உள்ள காந்தம் அருகில் வரும்போது தாழ் விடுபடும். காந்தம் அணிந்த வேறு பூனையும் இதில் நுழைய முடியும். காந்தத்தில் ஆணி முதலிய இரும்புத் துண்டுகள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பட்டை கிளையில் மாட்டினால் தானே விடுபடும் கொக்கி உடையதாக இருத்தல் அவசியம்.

நுண்சில்லுக் கதவு: பூனையின் தோள்களுக்கு இடையே தோலின் கீழ் செலுத்தப்படும் அரிசி மணி அளவுள்ள சில்லில் 15 இலக்க எண் ஒன்று பதிந்திருக்கும். கதவில் உள்ள கருவி அவ்வெண்ணைப் படித்து, பதிவு செய்யப்பட்ட பூனைக்கு மட்டும் திறக்கும். இது மின்கலத்தில் இயங்குவது. சில வகைகள் உள்ளே வரும்போது மட்டுமே எண்ணைச் சரிபார்க்கும். வேறு சில இருவழியும் சரிபார்க்கும். குறிப்பிட்ட நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும் வகைகளும் உள்ளன. அண்மைக் காலத்தில், பூனை வாயில் இரையைக் கவ்வி வருவதைப் படக்கருவியால் அறிந்து திறக்க மறுக்கும் கதவுகளும் விற்பனைக்கு வந்துள்ளன.

தெரிவு செய்தல்

முதலில் பூனையின் உடலில் மிக அகன்ற பகுதியின் அகலத்தை அளந்து, அதனினும் சில செ.மீ. கூடுதலான திறப்பைத் தெரிய வேண்டும். சாதாரண வீட்டுப் பூனைக்கு ஏறத்தாழ 15 முதல் 18 செ.மீ. அகலம் போதுமானது. குட்டிக்கு வாங்கும்போது வளர்ந்த பூனையின் அளவையே கருத்தில் கொள்ளல் வேண்டும். தேவைக்கு மிகுந்த பெரிய திறப்பு, தெரு நாய்க்கும் தவழும் குழந்தைக்கும் வழியாகிவிடக்கூடும்.

பொருத்தப்படும் பரப்பும் தெரிவைத் தீர்மானிக்கின்றது. மரக்கதவு எல்லாவற்றினும் எளிது. இரும்புக் கதவில் நுண்சில்லைப் படிக்கும் கருவியின் செயற்பாடு தடைப்படலாம்; அத்தகைய கதவில் உலோகத்துக்கும் கருவிக்கும் இடையே போதிய இடைவெளி தேவை. கடினமாக்கப்பட்ட கண்ணாடியில் பின்னர் ஓட்டை இட இயலாது, அது முழுதும் நொறுங்கிவிடும். ஓட்டையுடன் செய்யப்பட்ட புதிய கண்ணாடியையே பொருத்த வேண்டும்.

ஆடி மாதக் காற்று வலுவாக வீசும் பகுதிகளில் எடை குறைந்த மடல் ஓயாது ஆடி ஓசை எழுப்பும். கீழ் விளிம்பில் காந்தப் பட்டையும், சுற்றிலும் தூரிகை இழையும் உள்ள மடல் இதைக் குறைக்கும். கொசுவும் மழைச்சாரலும் உள்ளே வருவதையும் அது ஓரளவு தடுக்கும்.

பொருத்தும் முறை

மரக்கதவில் பொருத்தும் படிகள் பின்வருமாறு:

1. பூனையின் வயிற்று உயரத்தை அளந்து, திறப்பின் கீழ் விளிம்பு அம்மட்டத்தில் அமையுமாறு குறிக்க வேண்டும். வளர்ந்த பூனைக்கு இது பெரும்பாலும் தரையிலிருந்து 12 முதல் 15 செ.மீ. வரை இருக்கும்.

2. திறப்பின் வழியே கையை நுழைத்துக் கதவின் தாழ்ப்பாளை எட்ட முடியாதவாறு இடம் தெரிய வேண்டும். முன்வாசற் கதவைத் தவிர்த்தல் நன்று.

3. கதவுடன் வரும் அச்சு அட்டையை ஒட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, பென்சிலால் வரைய வேண்டும்.

4. நான்கு மூலைகளிலும் துளையிட்டு, ஒரு துளையிலிருந்து மறு துளை வரை சிறிய வாளால் அல்லது மின்வாளால் அறுக்க வேண்டும். கதவைக் கீலிலிருந்து கழற்றிப் படுக்கவைத்து அறுத்தால் வெட்டு நேராக வரும்.

5. வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அல்லது வார்னிஷ் பூச வேண்டும். பூசாத மரத்தில் ஈரம் ஏறும், கறையானும் பற்றும். உட்கூடான பிளஷ் கதவாயின், வெட்டிய இடத்தின் உள்ளே நாற்புறமும் மரச்சட்டம் கொடுத்த பின்னரே சட்டகத்தைத் திருக வேண்டும்.

6. உள், வெளிச் சட்டகங்களைத் திருகாணிகளால் இணைத்து, மடல் எங்கும் உராயாமல் ஆடுவதைச் சோதிக்க வேண்டும்.

சுவரில் அமைப்பதாயின், மின்கம்பியும் நீர்க்குழாயும் அவ்விடத்தில் செல்லவில்லை என்பதை உறுதி செய்த பின்னரே உடைக்க வேண்டும். 9 அங்குலச் செங்கற் சுவரின் முழுத் தடிமனுக்கும் குகை போன்ற நீட்டிப்புக் குழல் தேவைப்படும். மழைநீர் உள்ளே வராதிருக்கக் குழல் வெளிப்புறமாகச் சற்றே சரிந்திருக்க வேண்டும். குழலைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கலவையால் முழுதும் அடைப்பது முக்கியம். அவ்விடைவெளி எலிக்கும் பாம்புக்கும் போதுமானது.

பொருத்தியவுடன் பூனை அதைப் பயன்படுத்தும் என எதிர்பார்க்க இயலாது. சில நாட்களுக்கு மடலை மேலே தூக்கிக் கட்டி, மறுபுறத்தில் உணவு வைத்துப் பழக்க வேண்டும். பின்னர் மடலைப் படிப்படியாகத் தாழ்த்தலாம். பூனையைப் பிடித்து ஓட்டையில் தள்ளினால் அது அக்கதவையே வெறுத்துவிடும்.

சேத்தூர்ப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

சேத்தூர், விருதுநகர் மாவட்டம் இராஜபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை அடுத்துள்ள பேரூராட்சி ஆகும். இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் இது அமைந்துள்ளது. இப்பகுதியின் மேற்கே உள்ள காடுகளில் 1988இல் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் அமைக்கப்பட்டது. அச்சரணாலயமும் மேகமலைக் காட்டுயிர்ச் சரணாலயமும் சேர்ந்து 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. நெல் வயல்களும் தென்னை, மாந்தோப்புகளும் மலைக்கும் ஊர்களுக்கும் இடையே விரிந்துள்ளன.

பாம்புகள்: இந்தியாவில் மிகுதியான பாம்புக்கடி இறப்புகளுக்குக் காரணமான நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டில் உள்ளன. இவற்றுள் கட்டுவிரியன் இரவில் வீடுகளுக்குள் புகுந்து, தரையில் உறங்குவோரைக் கடிப்பதாக அறியப்படுவது. தரையை ஒட்டிய எளிய மடல் இதற்குத் தடை ஆகாது. பூனைக் கதவின் வெளிப்புறத்தில் விறகு, ஓடு, செங்கற் குவியல், அடர்ந்த செடி ஆகியன இல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இரவில் பூனையின் உணவை உள்ளே மீதம் வைத்தல் எலியை அழைக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். பூனையே பாம்பை உயிருடன் கவ்வி வீட்டுக்குள் கொண்டுவருவதும் உண்டு.

பிற விலங்குகள்: பெருச்சாளி, மரநாய், கீரி, அயல் பூனைகள் ஆகியன உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டு எளிய மடலைத் தள்ளிக்கொண்டு வரலாம். இராஜபாளையம் நாய் இனத்துக்குப் புகழ்பெற்ற இப்பகுதியில், நாய்க்கும் பூனைக்கும் பொதுவாக ஒரே கதவு அமைக்க எண்ணுவோர் இருக்கக்கூடும். 2005இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்ற இவ்வேட்டை நாய் 65 செ.மீ.க்கும் மேல் உயரம் வளர்வது. அது நுழையும் திறப்பில் ஆளும் நுழைய முடியும். ஆகையால் இரண்டுக்கும் ஒரே கதவு பொருந்தாது.

வெறிநோய்: வெளியே சென்று வரும் பூனை, வெறிநோய் கண்ட நாயாலோ காட்டு விலங்காலோ கடிபடலாம், பின்னர் வீட்டாருக்கும் நோயைக் கடத்தலாம். நோய்க் குறிகள் தோன்றியபின் வெறிநோய் ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிப்பது. எனவே பூனைக்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி இட்டு, கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர்ந்து இட்டபின்னரே கதவைத் திறந்துவிட வேண்டும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காட்டுயிர்: ஐக்கிய அமெரிக்காவில் வெளியில் திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரையான பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தோப்பும் காடும் சந்திக்கும் இடத்தில் பூனையின் இரை எலி மட்டும் அன்று. தரையில் மேயும் பறவை, அணில்பிள்ளை, ஓணான் எல்லாம் அதில் அடங்கும். காட்டுப்பூனை போன்ற இயல்வகைச் சிறுபூனைகளுக்கு வீட்டுப் பூனை நோயைக் கடத்தவும் கூடும். எக்சிட்டர் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டப்பட்ட பூனைகளிடம் அது 25 விழுக்காடு குறைந்தது.

இனப்பெருக்கம்: பெண் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினையாகக்கூடும். அதன் சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரங்கள் மட்டுமே. கருத்தடை அறுவை செய்யாத பூனைக்குக் கதவு வைத்தல், கைவிடப்படும் குட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்கும்.

நச்சு: வயல்களில் வைக்கப்படும் எலி மருந்தை உண்ட எலியைத் தின்னும் பூனையும் நஞ்சால் பாதிக்கப்படலாம்.

மாற்று வழி

பூனைக் கதவு தெருவுக்கோ கொல்லைக்கோ திறக்க வேண்டும் என்பதில்லை. நுண்கம்பி வலையால் மூடப்பட்ட தாழ்வாரம் அல்லது மாடிக்குச் செல்லுமாறு அமைத்தால், பூனைக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும். மேற்கூறிய இடர்களும் பெரிதும் நீங்கும். வலையின் கண் அளவு சிறியதாகவும், வலையின் அடி தரையுடன் இடைவெளியின்றிப் பொருந்தியும் இருத்தல் வேண்டும். இதற்கு இடவசதி இல்லாத வீடுகளில், நான்கு நிலைப் பூட்டு அல்லது நுண்சில்லுக் கதவைப் பொருத்தி, பொழுது சாய்வதற்கு முன் பூனைக்கு உள்ளே உணவிட்டு, விடியும் வரை கதவைப் பூட்டி வைப்பது ஏற்ற முறை ஆகும். இம்முறையைப் பின்பற்றும் வீட்டில், இரவில் பயன்படுத்துவதற்கு மணல் தட்டு ஒன்றும் குடிநீரும் பூனைக்கு வைக்கப்பட வேண்டும்.