சேற்றில் ஊன்றும் எலிப்பொறி நிலைத்து நிற்க



நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்து, தூர் கட்டுகிற சமயத்தில் ஒரு நாள் காலையில் கழனியில் இறங்கிப் பாருங்கள். ஓரத்துப் பயிரெல்லாம் நன்றாகவே நிற்கும். நடுக்கழனியில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தூர்கள் சாய்வாக, கத்தியால் சீவியது போல வெட்டுப்பட்டுக் கிடக்கும். இது புழுவின் வேலை அல்ல, எலியின் வேலை. ஓரத்தை விட்டுவிட்டு நடுவிலே வெட்டுவது அதன் பழக்கம். வரப்பிலே நின்று பார்க்கிறவருக்குச் சேதம் கண்ணில் படாது. கண்ணில் படும்போது பயிர் கதிர் வாங்கியிருக்கும், நேரமும் கடந்திருக்கும்.

எலி பிடிக்கக் கிட்டி வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தஞ்சாவூர்க் கிட்டி என்று சொல்கிறோமே, மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டி, இரையை எலி இழுத்தவுடன் நாண் கழுத்தை இறுக்கும்படி செய்த பொறி, அது நம் நாட்டு உழவர்களின் கைத்திறன். மருந்து வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஆனால், "வச்ச கிட்டியே காணோமுங்க, எலி எங்க கிடைக்கும்?" என்று பல பேர் சொல்கிறார்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பொறியைச் சேற்றிலே எப்படி ஊன்றினால் அது விடியும் வரை அதே இடத்தில் நிற்கும்?

செஞ்சிப் பக்கத்துப் பனமலையை எடுத்துக்கொள்வோம். மலைமேல் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில், கீழே பரந்த ஏரி. துரிஞ்சலாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் நந்தன் கால்வாய் இந்த ஏரிக்குத்தான் வந்து சேருகிறது. ஏரித் தண்ணீரோடு வருகிற நைஸான வண்டல் மதகடியிலும், காவா வளைவுகளிலும், பள்ளக் கழனிகளிலும் படிகிறது. பயிருக்கு அது நல்ல உரம். முளை அடிப்பதற்கோ அதைப்போலச் சங்கடமான மண் வேறில்லை. கட்டாந்தரையில் மாடு கட்டுகிற முளையை அடிக்கிற மாதிரி இங்கே அடித்தால் நிற்காது.

பொறி ஏன் போய்விடுகிறது?

நாலு காரணங்கள். முதலாவது, மாட்டிக்கொண்ட எலி உடனே சாகாமல் துள்ளும், இழுக்கும். கொழுத்த கழனி எலி கால் கிலோ வரைகூட இருக்கும். இரண்டாவது, மாட்டிய எலியை நாயோ நரியோ கிட்டியோடு சேர்த்துக் கவ்விக்கொண்டு போய்விடும். பல கிட்டிகள் காணாமல் போவது இப்படித்தான். மூன்றாவது, ராத்திரி மழை. மூங்கில் தண்ணீரில் மிதக்கிற பொருள். கழனியில் ஒரு சாண் தண்ணீர் ஏறினால், சேற்றில் லேசாகச் செருகிய கிட்டி தானே எழும்பி, மடை வழியாக அடுத்தவர் கழனிக்குப் போய்விடும். மரக்கூண்டும் அப்படியே. நாலாவது இதற்கு நேர்மாறு: இரும்பு இடுக்கிப் பொறி தன் கனத்தாலேயே சேற்றில் புதைந்து, மிதிதகட்டுக்கு அடியில் சேறு அடைத்து, எலி ஏறி மிதித்தாலும் விழாது.

காணாமல் போன பொறி வெறும் காசு நஷ்டம் மட்டும் அல்ல. சேற்றுக்குள் கிடக்கிற இரும்பு இடுக்கி, களை எடுக்க இறங்குகிற பெண்களின் வெறுங்காலைப் பதம் பார்க்கும். ஆகவே ஊன்றுவதிலே கவனம் வேண்டும்.

முதலில் சேற்றின் ஆழம் பாருங்கள்

சேடை ஓட்டிய கழனியில் மேலே அரையடி, முக்கால் அடி சேறு இருக்கும். அதற்குக் கீழே வருஷா வருஷம் ஏரும் டிராக்டரும் மிதித்து இறுகிய கெட்டி மண் இருக்கும். முளையைத் தாங்குவது இந்தக் கெட்டி மண்தான், மேலே இருக்கிற சேறு அல்ல. ஒரு நீளக் குச்சியை எடுத்து அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போகிற வரை சேறு, தடுக்கிற இடம் கெட்டி. அந்த இடத்தில் குச்சியில் ஒரு கீறல் போட்டு அளந்துகொள்ளுங்கள். கெட்டி மண்ணுக்குள் குறைந்தது ஒரு சாணாவது முளை இறங்க வேண்டும். அப்படியானால் அரையடிச் சேற்றில் இரண்டடி முளை போதும். மதகடியில் இரண்டடி வண்டல் இருந்தால் நாலடி முளை வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு முளை வெட்டிக்கொண்டு போவது வீண் வேலை.

முளை தேர்வு

நம் பக்கத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. கட்டைவிரல் பருமனுக்கு மேல் உள்ள கிளையை எடுத்து, பக்கக் கிளைகளை அடியோடு சீவாமல் ஒரு விரற்கடை விட்டு வெட்டுங்கள். கிளையின் அடிப்பக்கம் கீழே போகும்படி ஊன்றுங்கள். விட்டு வைத்த அந்தக் குட்டைக் கிளைகள் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், இறங்கும்போது தடுக்காது, மேலே இழுத்தால் தூண்டில் முள் போலச் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். வழவழவென்று சீவி, கூர்மையாக முனை போட்ட முளை எவ்வளவு சுலபமாக இறங்குகிறதோ, அவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிடும். பூவரசங் குச்சியை ஊன்றினால் துளிர்த்துவிடும். வரப்போரம் வேண்டுமானால் அது நல்லது, நடுக்கழனிக்கு வேண்டாம்.

ஊன்றும்போது ஆட்டி ஆட்டி இறக்காதீர்கள். ஆட்டினால் முளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, அதில் தண்ணீர் இறங்கி, பிடிப்பு போய்விடும். நேராக அழுத்தி, கெட்டி மண் வந்ததும் கொட்டாப்புளியால் நாலு தட்டு தட்டுங்கள். சாய்மானமும் முக்கியம். பொறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக முளையின் தலை சாய வேண்டும், கூடாரத்துக்கு முளை அடிப்பார்களே, அந்த மாதிரி. கயிற்றை முளையின் தலையில் கட்டாமல், சேற்று மட்டத்திலேயே கட்டுங்கள். தலையில் கட்டினால் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் கடப்பாரை நெம்புகிற மாதிரி முளையை நெம்பிவிடும்.

ஆழச் சேற்றுக்குப் பொத்தான் கட்டை

சில பள்ளங்களில் முழங்கால் வரை சேறு இருக்கும், கெட்டி மண்ணே எட்டாது. "அங்க என்னங்க பண்றது?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு முழ நீளமுள்ள கட்டையின் நடுவிலே கொஞ்சம் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் கயிற்றை இறுகக் கட்டுங்கள். கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, இன்னொரு கழியால் அதன் தலையை அழுத்தி, எவ்வளவு ஆழம் போகுமோ அவ்வளவு இறக்குங்கள். கழியை உருவிவிட்டு, கயிற்றைச் சுண்டி இழுங்கள். உள்ளே கட்டை குறுக்கே திரும்பிக்கொள்ளும். சட்டைப் பொத்தான் ஓட்டையில் பக்கவாட்டில் நுழைந்து, பிறகு குறுக்கே நின்று பிடிக்கிறதே, அதே சங்கதிதான். ஒல்லியான முளை தன் பருமன் அளவுச் சேற்றைத்தான் பிடிக்கிறது. குறுக்கே கிடக்கிற கட்டையோ ஒரு முழ நீளச் சேற்றைத் தன் தலைமேல் சுமந்து நிற்கிறது. அறுவடைக்குப் பிறகு சேறு காய்ந்ததும் மண்வெட்டியால் தோண்டி எடுத்துக்கொள்ளலாம்.

கல்லைக் கட்டிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் கல்லின் கனம் குறையும். கரைமேல் 5 கிலோ இருக்கிற கருங்கல், தண்ணீருக்குள் ஏறக்குறைய 3 கிலோ கல்லாகத்தான் வேலை செய்யும். வழவழப்பான சேற்றிலே அது சறுக்கவும் செய்யும். கல் மட்டும் போதாது. கல்லோடு முளையும் இருந்தால்தான் நம்பலாம்.

ஓடும் காவாயில்

காவா ஓரத்தில் எலி வளை அதிகம். அங்கே தண்ணீரின் இழுப்பும் சேர்கிறது. முளையைச் சுற்றித் தண்ணீர் சுழித்து, அடி மண்ணை அரித்துவிடும். ஆகையால் முளையைத் தண்ணீர் நடுவில் ஊன்றாமல் கரைச் சரிவிலே ஊன்றி, கயிற்றைக் கீழே விடுங்கள். வேறு வழியில்லை என்றால் இரண்டு முளைகளைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே ஊன்றி, சேரும் இடத்தில் கட்டி, காலடியில் நாலு கல்லைச் செருகுங்கள். கயிறு தேங்காய் நார்க் கயிறாக இருக்கட்டும். நனைந்தால் உப்பி முடிச்சு இறுகும். நைலான் கயிறு வலுவானதுதான், ஆனால் ஈரத்தில் முடிச்சு வழுக்கும். அதைப் போட்டால் முடிச்சை இரட்டிப்பாகப் போடுங்கள். நார்க் கயிறு நாளாக ஆக மக்கும். எனவே பருவத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

பொறிக்கு ஒரு மேடை

கிட்டியின் அடிக்கம்பை நேராகக் கெட்டி மண் வரை இறக்கி, இரை தண்ணீருக்கு மேல் மூன்று நாலு விரற்கடை உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். இரும்பு இடுக்கிக்கும் மரக்கூண்டுக்கும் வரப்பு மண்ணை வெட்டிப் போட்டு, கூடை கவிழ்த்த மாதிரி ஒரு மேடு கட்டி, மேலே உடைந்த ஓட்டையோ பனை மட்டைத் துண்டையோ பரப்பி, அதன்மேல் வையுங்கள். மலேசியாவில் 1980-களில் உருவாகி, வியட்நாம், இந்தோனேசியா போன்ற நெல் விளையும் நாடுகளுக்கும் பரவிய ஒரு முறை உண்டு. பயிரைச் சுற்றி பிளாஸ்டிக் தாளால் வேலி கட்டி, அங்கங்கே ஓட்டை விட்டு, ஓட்டையின் உட்புறம் கூண்டு வைப்பார்கள். வேலிக்கு வெளியே தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு ஓட்டைக்கு முன்னாலும் எலி நீந்தி வந்து ஏறி நிற்க ஒரு மண்மேடு போட்டுவிடுவார்கள். சேற்றிலே வைக்கிற பொறிக்கு மேடை வேண்டும் என்பதை அங்கேயும் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

இரண்டு ராத்திரி பொறுங்கள்

ஊன்றிய அன்றைக்கே வில்லை ஏற்றாதீர்கள். இரையை மட்டும் வைத்து இரண்டு ராத்திரி சும்மா விடுங்கள். பொரியோ, வறுத்த அரிசியோ போதும். இதில் இரண்டு லாபம். புதுப் பொருளைக் கண்டு சந்தேகப்படுகிற எலிக்குப் பழக்கம் ஏற்படும். கலங்கிய சேறும் அடங்கி, முளையைக் கவ்விக்கொள்ளும். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒவ்வொரு கயிற்றையும் ஒரு கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். நாய் இழுக்கிற இழுப்பை மனதில் வைத்து இழுக்க வேண்டும். ஒரு விரற்கடை அசைந்தாலும் பிடுங்கி மறுபடி ஊன்றுங்கள். பிறகு வில்லை ஏற்றுங்கள்.

நட்ட ஆறு வாரத்துக்குள் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. கதிர் பால் பிடித்த பிறகு கழனியெல்லாம் சாப்பாடு கிடக்கும்போது உங்கள் பொரியை எந்த எலி தேடி வரும்? கழனி எலியின் கர்ப்ப காலம் சுமார் 23 நாள்தான். ஒரு ஈற்றில் ஆறு, எட்டு குட்டி போடும். ஆரம்பத்தில் பிடிக்கிற ஒரு பெண் எலி, அறுவடை வரைக்கும் உள்ள ஒரு குடும்பத்துக்குச் சமம். நீங்கள் மட்டும் பிடித்தாலும் போதாது. பக்கத்துக் கழனிக்காரர்களும் அதே வாரத்தில் பிடிக்க வேண்டும். செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் இருளர் மக்கள் வளையையும் தடத்தையும் பார்த்து எலி பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்களைக் கூப்பிட்டால் நல்ல கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு முளைத் தலையிலும் வெள்ளைத் துணி கட்டுங்கள். வைத்த எண்ணிக்கையைக் குறித்துவைத்து, எடுக்கும்போது எண்ணிப் பாருங்கள். வைத்த இடத்தை நடவாளுக்கும் களையெடுக்கிற பெண்களுக்கும் சொல்லிவிடுங்கள். விடிந்தவுடன் போய்ப் பாருங்கள், வெயில் ஏற விடாதீர்கள். ஆமை, உடும்பு, கீரி ஏதாவது அகப்பட்டு உயிரோடு இருந்தால் விட்டுவிடுங்கள். இவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை. உடும்பும் கீரியும் எலியைத் தின்று நமக்கு உதவுகிறவையும்கூட.

செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீர், காலில் உள்ள வெட்டுக் காயத்தின் வழியாக எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், "சேத்துல வேலை செஞ்சேன், எலி பிடிச்சேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் மருந்து எடுத்தால் குணமாகும்.

கடைசியாக முக்கியமான ஒன்று. பொறி நிற்கவில்லை என்ற வெறுப்பில் கழனியைச் சுற்றி மின்கம்பி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம். அதைவிட, ஈரக் கழனியில் அது ஆளைக் கொல்லும். எலிக்கு வைத்த கம்பியில் கழனிக்காரரும், தண்ணீர் பாய்ச்சப் போன பிள்ளையும் மாண்டுபோன செய்திகள் நம் தமிழ்நாட்டிலேயே வந்திருக்கின்றன. ஒரு சவுக்கு முளை, ஒரு முழக் கயிறு, இரண்டு ராத்திரிப் பொறுமை, இவ்வளவு இருந்தால் பொறி நிற்கும், கம்பிக்கு வேலை இருக்காது. அடுத்த நடவு முடிந்ததும் சேற்றின் ஆழத்தை அளந்து, முளையை வெட்டி வையுங்கள்.