பெயர்ப்பலகை வடிவமைப்பு: இளைஞர்களுக்கு ஏற்ற தனித்தொழில்

கிராஃபிக் டிசைன் படித்துவிட்டு வீட்டிலிருந்தே தொழில் செய்யும் நம் இளைஞர்கள் பலர், திருமண அழைப்பிதழ், பிறந்தநாள் பேனர், கோயில் திருவிழா பந்திங் என வருகிற வேலையை எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது சொற்ப ரிங்கிட். பக்கத்துக் கடையில் விலை குறைந்தால் வாடிக்கையாளரும் போய்விடுவார். கடைப் பெயர்ப்பலகையை மட்டும் தனித்துறையாகக் கற்றுக்கொண்டால் இந்த விலைப் போட்டியிலிருந்து விலகி நிற்கலாம். அதற்குச் சட்டம், அளவு, எழுத்து மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது சட்டம். பெயர்ப்பலகைக்கு உள்ளூராட்சி மன்றத்தின் உரிமம் தேவை. தேசிய மொழி முதன்மையாகத் தெரிய வேண்டும். தமிழும் சீனமும் அதைவிடச் சிறியதாகவே இருக்கலாம். கோலாலம்பூர் போன்ற இடங்களில் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் மொழிச் சரிபார்ப்பும் வேண்டும். இது தெரியாமல் பலகையை மாட்டினால் அபராதம் கடைக்காரர் தலையில் விழும். பலகையையும் கழற்ற வேண்டிவரும். அதனால் அனுமதி கிடைத்த பிறகே பலகையைச் செய்யக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது அளவு. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது பொதுவான கணக்கு. 100 அடி தள்ளி சாலையில் போகிறவர் படிக்க, எழுத்து 10 அங்குலமாவது இருக்க வேண்டும். தமிழுக்கு இன்னும் கவனம் தேவை. மிகத் தடித்த எழுத்தில் சுழிகள் அடைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் 'ண', 'ன' வேறுபாடே தெரியாது.

மூன்றாவது எழுத்துப்பிழை. புள்ளி ஒன்று விட்டுப்போனால் 'பல் மருத்துவர்' என்பது 'பல மருத்துவர்' ஆகிவிடும். கணினியில் எழுத்துரு மாறினால் கொம்பும் காலும் இடம் மாறும். பலகை செய்யும் பட்டறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் பிழை அப்படியே கடை வாசலுக்கு வந்துவிடும். கோப்பை அனுப்புமுன் எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவமாக மாற்றிவிட்டு, தமிழ் அறிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுப்பது நல்லது.

தொடங்கப் பெரிய முதலீடு தேவையில்லை. எல்.இ.டி. எழுத்துகளையும் அக்ரிலிக் வேலையையும் பட்டறையில் செய்துகொள்ளலாம். கணினி, அளவு நாடா, ஏணி இருந்தால் போதும். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட்.

விலை சொல்லும்போது வடிவமைப்பு, உரிம வேலை, தயாரிப்பு, பொருத்துதல் எனத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். முன்பணம் வாங்காமல் பட்டறைக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். கடை பெயர் பொறித்த பலகையை வேறு யாருக்கும் விற்க முடியாது.