உஷார்! ‘அது ஆப்பிரிக்காக்காரர்களின் நோய்’ என்று இருந்துவிடாதீர்கள்

அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் 38.5 டிகிரியைத் தொட்டால், மருந்தைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. நடுராத்திரியானாலும், வெளியே பனி கொட்டினாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மீதியைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது இல்-பிசாரில். மொன்றியலின் வடமேற்கு மூலையில் ஒட்டிக் கிடக்கும் குட்டித் தீவு. ஆஸ்பத்திரி என்றால் ஜாக்-பிசார் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். எங்கள் தெருவில் கொங்கோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. மூத்த பையனுக்கு எட்டு வயது. அவனுக்கு இந்த நோய் இருக்கிறது. போன கோடையில் ஒருநாள் மற்றப் பிள்ளைகளோடு ஏரியில் இறங்கி விளையாடிவிட்டு வந்தான். தண்ணீர் ஜில்லென்று இருந்திருக்கிறது. மாலைக்குள் இரண்டு கால் எலும்புகளிலும் வலி பிடித்துக்கொண்டது. அவன் அழவில்லை. சோபாவின் கைப்பிடியை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பா வேலைக்குப் போயிருந்ததால் நான்தான் காரை எடுத்தேன்.

அவசரப் பிரிவில் இருந்த ஒருவர் பையனைப் பார்த்துவிட்டு, “அழவே இல்லையே, அவ்வளவு வலியா?” என்று கேட்டார். கூட வந்திருந்த பையனின் தாய் பதில் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து, மடிப்புகளில் நைந்து போயிருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். வலி வந்தால் என்ன மருந்து, எவ்வளவு, எவ்வளவு சீக்கிரம் என்று பையனைப் பார்க்கும் சிறப்பு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. அதை வாங்கிப் படித்தபிறகும் எங்களை உட்காரத்தான் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்தே வலியோடு வளர்கிற பிள்ளை அழுது அழுது ஓய்ந்துபோய் அமைதியாக இருக்கக் கற்றுக்கொள்கிறது. அந்த அமைதியைப் பார்த்து வலியே இல்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய கொடுமை!

அடுத்த வாரம் கோயிலில் இதைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி சட்டென்று சொன்னாள்: “அது கறுப்பாக்களின்ர வருத்தம் அக்கா. எங்கட ஆக்களுக்கு வராது.” எனக்குப் பகீரென்றது. நான் கோயம்புத்தூர்க்காரி. எங்கள் ஊரிலிருந்து மலை ஏறினால் நீலகிரி. அங்கே பழங்குடி மக்களின் ரத்தத்தில் இந்த அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். எழுபது வருடங்களுக்கு மேலாகியும் நம்மவர்களுக்கு இது ‘அடுத்தவன் நோய்’!

நிறத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் மலேரியாவோடு. இந்த மரபணுவை ஒரு பக்கம் மட்டும், அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பெற்றவர்கள் மலேரியாவில் அவ்வளவு எளிதில் சாவதில்லை. அதனால் மலேரியா ஆண்ட பல பகுதிகளில் அது தங்கிவிட்டது: ஆப்பிரிக்கா, அரேபியா, மத்தியதரைக் கடலோரம், இந்தியா. இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால்தான் நோய். ரத்தத்தின் சிவப்பணுக்கள் வட்டம் கெட்டு அரிவாள்போல் வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. 120 நாள் வாழ வேண்டிய அணு 10, 20 நாளில் உடைகிறது. மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழப்பதால் சாதாரணக் கிருமி ஒன்று சில மணி நேரத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். 38.5-ஐ வைத்து நான் இவ்வளவு பதறுவது இதனால்தான்.

நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை 1990-லிருந்து நடத்திவரும் அஸ்வினி அமைப்பு, பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் வீட்டுப் பெண்களையே நர்ஸ்களாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கியது. அரிவாள் செல் உள்ளவர்களைக் கண்டுபிடித்து, தொடர்ந்து பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலைதான். சொந்த ஊர்ப் பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்து, “மாத்திரை சாப்பிட்டாயா?” என்று கேட்டால் அதற்கு வருகிற பதிலே வேறு.

நோயைத் தேடிக் கண்டுபிடித்துக் கவனிப்பதில் ஆப்பிரிக்காவிலும் இதே வழிதான். உலகில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த நோயோடு பிறக்கின்றன. நான்கில் மூன்று பங்குக்குமேல் அங்கேதான். நைஜீரியாவில் ஒரு வீட்டில் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், செத்துச் செத்துத் திரும்பிப் பிறக்கும் ‘அபிக்கு’ பிள்ளை என்று சொல்லும் வழக்கம் உண்டு. அப்படிச் சொல்லப்பட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு இருந்தது இந்த நோயாக இருக்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். கானாவின் குமாசியில் பிறந்த குழந்தைகளின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கும் திட்டத்தை 1995-ல் குவாக்கு ஒஹேனே-ஃப்ரெம்போங் தொடங்கினார். அவருடைய மகனுக்கே அந்த நோய் இருந்தது. பிறகு அங்கோலா, கொங்கோ, கென்யா, உகாண்டாவில் 606 பிள்ளைகளுக்கு ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது, மலேரியா குறைந்தது, சாவும் குறைந்தது. எங்கள் தெருப் பையன் தினமும் விழுங்குவதும் அதே மருந்துதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மொன்றியலில் பிறக்கும் குழந்தைகளுக்கு 2013 நவம்பரிலிருந்து இந்தக் குதிகால் ரத்தச் சோதனை உண்டு. அதற்கு முன் பிறந்தவர்கள், ஊரில் பிறந்து பின்னால் வந்தவர்கள், பெரியவர்களாகிய நாம் எல்லோரும் அதற்கு வெளியே. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளைக்கு நோய் இருந்தால்தான் தானாகக் கூப்பிடுவார்கள். மரபணுவை ஒரு பக்கம் மட்டும் சுமக்கிற பிள்ளையின் முடிவு பெற்றோர் கேட்டால்தான் வரும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. ‘ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ்’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தலசீமியாவையும் விட்டுவிடாதீர்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் அதைச் சுமப்பவர்கள் நிறையப் பேர். ‘ரத்தம் குறைவு’ என்று வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியும் ஏறாதவர்களில் சிலர் அவர்கள்தான். ஒருவரிடம் அரிவாள் செல், மற்றவரிடம் தலசீமியா என்றாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நம் பிள்ளைகள் இங்கே யாரைக் கட்டப் போகிறார்கள் என்று யார் கண்டது? அதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கைக்குழந்தையின் கையும் காலும் திடீரென்று வீங்கினால், கண் மஞ்சளானால், அடிக்கடி எலும்பு வலி என்று சொன்னால், டாக்டரிடம் இந்த நோயின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பிரெஞ்சில் ‘அனேமி ஃபால்சிஃபோர்ம்’. நோய் இருப்பது தெரிந்த பிள்ளைக்கு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலும், வயிறு திடீரென்று உப்பினாலும், ஒரு பக்கம் கை கால் தொய்ந்தாலும் 911-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தத் தாயின் கைப்பையில் இருந்த மாதிரி ஒரு காகிதத்தை மருத்துவரிடம் எழுதி வாங்கி, உங்கள் பையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று என்று வையுங்கள். பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ராத்திரியில் கார் தேவைப்பட்டால் கதவைத் தட்டச் சொல்லி இன்றைக்கே உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.